குடும்பத் தலைவர் ஆர் மனே?

இரு மனே, ஒள்ளுப்பம் இளைப்பாறு. வந்தாறுமூலைக் கம்பஸ்ல சமூகவியல் படிக்கிறாய், மாங்கேணியை ஆராயப்போறாய். நல்லது. நாப்பது கேள்வியும் அச்சடிச்சு வந்திட்டாய். மறுமொழியையும் அங்கேயே அச்சடிச்சிருந்தா இந்த வெயில் மிச்சம்.

2004 மார்கழியில கடல் வந்து போன பிறகு இஞ்ச வராத படிவம் இல்ல. எங்கட சனம் முதல்ல கேள்வியைப் பாக்கிறதில்ல, கேக்க வந்தவன்ட வாகனத்தைப் பாக்கும். வெள்ளை ஜீப் எண்டா தோணி உடைஞ்சிருக்கும், வலை கிழிஞ்சிருக்கும். வரிக்காரன் எண்டா தோணியே இருக்காது. உன்னைப்போல சைக்கிள்ல வந்தா, 'ஓம் தம்பி, எல்லாம் நல்லம்'. ஆரும் பொய் சொல்லல்ல மனே, வந்தவன் மனம் நோகக்கூடாதெண்ட மரியாதை. அதையும் உன்ட நோட்டில ஒரு பக்கமாக் குறிச்சு வை.

வீடுகளைக் குலுக்கிப்போட்டு எடுத்தனெண்டு சொல்லுறாய். எல்லாம் திருகோணமலை றோட்டுக் கரையிலயே விழுந்திருக்கே, நல்ல குலுக்கல்தான்! உள்ளுக்க மணல்ல சைக்கிள் உருளாது, நாயும் கடிக்கும். அங்க இருக்கிறதும் மாங்கேணிதான்.

இனி உன்ட முதலாம் கேள்வி: குடும்பத் தலைவர் ஆர்? மனுசன்ட பேரை எழுதிப்போட்டாய். வீடு ஆருக்கு? பொஞ்சாதிக்கு. அவள்ட தாய் சீதனமாக் குடுத்த வீடும் வளவும். அவர் கலியாணம் முடிச்சு வந்து குந்தினவர். குடியும் தாய்வழியாத்தான் போகும். மட்டக்களப்பான் ஒவ்வொருத்தனுக்கும் இது தெரியும், படிவம் அடிச்சவனுக்குத் தெரியாது. சுனாமி வீடு குடுத்த காலத்திலயும் இதே கட்டத்தைத்தான் நிரப்பினாங்க. கன இடத்தில ஆம்புளைட பேரில உறுதி போச்சு. மகளுக்குச் சீதனம் குடுக்க வேண்டிய தாய் பாத்துக்கொண்டு நிண்டாள். டெனிஸ் மக்கில்வ்ரே எண்டொரு அமெரிக்கர் 1969இல அக்கரைப்பற்றுக்கு வந்து குந்தினவர். திரும்பத் திரும்ப வந்து, 2008இலதான் எங்கட கரைச் சனத்தைப் பத்தி ஒரு பெரிய புத்தகத்தைப் போட்டார். இந்தச் சீதன வீட்டுக் கதையையும் பிறகு எழுதினவர். உனக்கு வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கோணுமாம்!

கட்டம் பொல்லாதது மனே. செலிக்மன் எண்ட வெள்ளைக்காரரும் அவர்ட பொஞ்சாதி பிரெண்டாவும் 1911இல வேடரைப் பத்திப் புத்தகம் போட்டாங்க. இந்தக் கரையோர வேடரும் அதில வாறாங்க. ஆனா தமிழ் கதைச்சு, மீன் பிடிச்சுத் திரிஞ்ச இவங்களை அவங்களுக்குப் பெரிசாப் பிடிக்கல்ல. சுத்தமான வேடரைத் தேடி வந்தவங்களாம். அதே 1911 குடிசன மதிப்பில நாடு முழுக்க வேடர் ஐயாயிரத்துக்கு மேல. 1963இல 400. அவ்வளவு பேரும் செத்துப்போனாங்களோ? எங்க செத்தது! வாகரைப் பக்கம் போய்ப் பார், பேரப்பிள்ளையள் வலை இழுக்கிறாங்க. கணக்கெழுதினவன் தமிழர் எண்டோ சிங்களவர் எண்டோ போட்டிட்டுப் போயிட்டான், அவங்களும் மறுத்துச் சொல்லல்ல. மறுகா அந்தக் கட்டத்தையே தூக்கிப்போட்டாங்க. சடங்குக்குப் போனா வேடன், கூப்பன் எடுக்கப் போனா தமிழன். ரெண்டும் மெய்தான். நீ எந்த வாசல்ல நிண்டு கேட்டாய் எண்டதை எழுதினாயோ? அதை எழுதாட்டி உன்ட நூற்றுவீதத்தை வைச்சு வலைக்கு மிதப்பும் கட்டேலாது.

எண்ணாத எண்டு சொல்லல்ல. எண்ணு. ஆனா முதல்ல படிவத்தை மடிச்சு சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வை. விடிய கரைவலைக்கு வா, கம்பாக் கயித்தைப் பிடிச்சு இழு. மீன் பங்கு பிரிக்கேக்க ஆர் முதல் கை நீட்டுறான், ஆர் தள்ளி நிக்கிறான் எண்டு பார். நாலு நாள் வந்தா உன்னை மறந்திட்டுக் கதைப்பாங்க. அப்ப கேள், உன்ட நாப்பதில பத்துத்தான் மிஞ்சும். அந்தப் பத்தும் உருப்படியான கேள்வி.

முதலாம் கேள்வியை மட்டும் இண்டைக்கே திருத்து. 'வீட்டு உறுதி ஆரின்ட பேரில?' எண்டு பக்கத்தில ஒரு கட்டம் கீறு. கீறிப்போட்டு உள்ளுக்க போய்க் கிழவியிட்டக் கேள். என்னட்டக் கேக்காத, நானும் இந்த வீட்டில வந்து குந்தினவன்தான்.