அப்படி ஒரு உறுப்பே இல்லை!

விஞ்ஞானிகள் என்றால் சாந்த சொரூபிகள், ஆதாரத்தைக் காட்டினால் சரி சரி என்று தலையாட்டிவிடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? 1906 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

மருத்துவ நோபல் பரிசை இத்தாலியின் கமிலோ கோல்கிக்கும் ஸ்பெயினின் ரமோன் இ கஹாலுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் கோல்கியின் சொற்பொழிவு. நரம்பு செல்கள் தனித்தனியானவை என்ற கொள்கையை மனிதர் பிடிபிடியென்று பிடித்தார். மூளை முழுக்க ஒரே வலை என்பது அவர் கட்சி. தாக்கப்பட்ட கொள்கையின் தளபதி யார்? பக்கத்திலேயே பாதிப் பரிசோடு இருந்த கஹால்தான்!

இதில் பெரிய கொடுமை, கஹால் தன் கொள்கையை நிலைநாட்டியதே கோல்கி கண்டுபிடித்த சாயத்தை வைத்து. மிலானுக்குப் பக்கத்தில், தீராத நோயாளிகளுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை பார்த்தபோது, சமையலறையையே லேப் ஆக்கிக்கொண்டவர் கோல்கி. மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட்டில் முக்கினால் நூற்றில் சில செல்கள் மட்டும் கிளை, வேர் எல்லாம் தெரிய கன்னங்கரேலென்று எழும். 1873-இல் இதை வெளியிட்டார். ஏன் அந்தச் சில செல்கள் மட்டும் கறுக்கின்றன? நூற்றைம்பது வருஷமாகியும் உருப்படியான பதில் இல்லை. எல்லாமே கறுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது!

1898-இல் அதே சாயம் ஒரு கூகையின் சிறுமூளைச் செல்லுக்குள் வேறொரு வலையைக் காட்டியது. வாழ்நாளெல்லாம் வலை வலை என்று அலைந்தவருக்கு, கடைசியில் செல்லுக்கு உள்ளேயே ஒன்று சிக்கிவிட்டது. அதுதான் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் கோல்கி உறுப்பு.

உலகம் உடனே மாலை போட்டதா? ஊஹும். அது நிஜ உறுப்பா, சாயம் விட்ட அழுக்கா என்று அரை நூற்றாண்டு சண்டை. 1949-இல் ஆல்பர்ட் கிளாடும் ஜார்ஜ் பலாடேயும் களத்தில் இறங்கி, எல்லாம் வேதிப்பொருள் செய்த மாயை என்று தீர்ப்பே எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், தட்டையான பைகளை அடுக்கிவைத்தது போன்ற அந்த உறுப்பைப் பளிச்சென்று காட்டிவிட்டது. பிறகு, கணையச் செல்லில் புரதங்கள் எந்த வழியாக வெளியே போகின்றன என்று வருஷக்கணக்கில் துரத்திக் கண்டுபிடித்தார் ஒருவர். கோல்கி வழியாகத்தான் போகின்றனவாம். சொன்னவர் யார்? சாட்சாத் அதே பலாடே! 1974-இல் அவருக்கும் கிளாடுக்கும் நோபல். இல்லாத உறுப்புக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

இத்தனை பேரைப் படுத்திய அந்த உறுப்புக்குக் கௌரவம் என்பதே கிடையாது. நம் செல் இரண்டாகப் பிரியும் நேரம் வந்தால் கோல்கி தன் அடுக்கைத் தானே குலைத்து, துகள் துகளாகச் சிதறி, இரண்டு பக்கமும் போய், இரண்டு இடத்திலும் பழையபடி எழுந்து நிற்கிறது. பாகப்பிரிவினைக்காக வீட்டைச் செங்கல் செங்கலாகப் பிரித்து, அண்ணன் தம்பி ஆளுக்கொரு வீடு அதே மாதிரி கட்டிக்கொள்வது போல. கோர்ட், கேஸ் எதுவும் இல்லை.

கேஸ் எல்லாம் வெளியே, விஞ்ஞானிகளுக்குள்! மறுபடி கட்டுவதற்கு அஸ்திவாரம் மிச்சம் இருக்கிறதா, இல்லை வெறுந்தரையிலிருந்து எழும்புகிறதா? பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பிரெஃபெல்டின் என்ற மருந்தை ஊற்றினால் கோல்கி சில நிமிடங்களில் செல்லின் இன்னோர் உறுப்பான எண்டோபிளாச வலைக்குள் கரைந்து போகிறது. கழுவிவிட்டால் திரும்பி வருகிறது. ஒரு கோஷ்டி இதைப் பார்த்து, வெறுந்தரைதான் என்றது. இன்னொரு கோஷ்டி இதே மருந்தைக் காட்டி, ஜிஎம் 130 போன்ற சில புரதங்கள் கரையாமல் நிற்கின்றனவே, அதுதான் அஸ்திவாரம் என்றது.

சரி, வெட்டிப் பார்த்துவிடுவோம் என்று 2000-இல் கோல்கி இல்லாத துண்டாக ஒரு செல்லை வெட்டினார்கள். கோல்கி முளைக்கவில்லை. ஆனால் பாவம், அந்தத் துண்டில் நியூக்ளியஸும் இல்லை. 2011-இல் இன்னொரு குழு, நியூக்ளியஸை விட்டுவைத்து, கோல்கி இருந்த பக்கத்தை மட்டும் லேசரால் நறுக்கி எறிந்தது. மிச்சமிருந்த செல், சத்தமில்லாமல் புதுக் கோல்கியைக் கட்ட ஆரம்பித்துவிட்டது. அஸ்திவாரக் கோஷ்டி அடுத்து என்ன கேட்கும் என்று உங்களுக்கே தெரியும்: அந்த லேசர் எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கியதா, சார்?