திறப்பு யார் கையில்?

கேள்வி: மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில். மகள் இமோவில் வருவாள், இளையவன் வைபரில், மூத்தவன் வட்ஸ்அப்பில். இப்போது மகளின் பெடியன் "சிக்னலுக்கு வாங்கோ அம்மம்மா" என்கிறான். எதை வைத்திருக்கிறது, எதை விடுகிறது?
– ஓர் அம்மம்மா, தருமபுரம்

பதில்: பிள்ளைகளில் ஒருவரையும் விடாதீர்கள், அப்களில் ஒன்றிரண்டை விடலாம். பேரன் சொல்வது நல்ல யோசனை. சிக்னலில் நீங்கள் பேசுவது உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, அவனுடைய போனில்தான் திறபடும். இடையில் இருக்கும் கம்பனிக்கும் ரவருக்கும் அது விளங்காத இரைச்சல். மொக்ஸி மார்லின்ஸ்பைக், ட்ரெவர் பெரின் என்ற இருவர் 2013இல் உருவாக்கத் தொடங்கிய பூட்டு இது. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப்பும் இதே பூட்டை எல்லாருக்கும் போட்டு முடித்தது. ஆகவே மூத்தவனோடு வட்ஸ்அப்பில் பேசுவதற்கும் பயமில்லை. வித்தியாசம் வேறு இடத்தில். நீங்கள் யாரோடு, எப்போது, எத்தனை தரம் பேசினீர்கள் என்ற விபரம் பூட்டுக்கு வெளியே நிற்கிறது. வட்ஸ்அப் மெட்டா என்ற பெரிய வியாபாரக் கம்பனியின் சொத்து. சிக்னலை நடத்துவது இலாபம் பார்க்காத ஓர் அறக்கட்டளை. விளம்பரம் போடாததால் உங்களைப் பற்றித் தெரிந்து வைத்திருக்க அதற்குத் தேவையே இல்லை. வட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் அக்டன் அங்கிருந்து விலகி, 2018இல் 5 கோடி அமெரிக்க டொலர் போட்டு அந்த அறக்கட்டளையைத் தொடக்கிவைத்தார் என்றால் பாருங்கள்.

நெட் மெலிந்த இடத்திலும் முகம் தெரிந்ததால்தான் நம் ஊரில் இமோ வீடு வீடாகப் புகுந்தது. சுகம் விசாரிக்க அது போதும். காணி, காசு, வைத்தியம் என்று வந்தால் சிக்னலுக்கோ வட்ஸ்அப்புக்கோ வாருங்கள்.

கேள்வி: திறப்பு இல்லாமல் பூட்டைத் திறக்க முடியாது. திறப்பை நெட்டில் அனுப்பினால் நடுவில் நிற்பவன் எடுத்துவிடுவான். பிறகு எப்படி இது வேலை செய்கிறது?
– உயர்தர மாணவன், ஓமந்தை

பதில்: சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறீர்கள், தம்பி. இந்தக் கேள்விக்கு உலகம் 1976 வரை வெளிப்படையாகப் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வழி காட்டினார்கள். அந்த வழியில் திறப்பு ஊர் சுற்றாது. திறந்தபடி கிடக்கும் ஆமைப்பூட்டை நான் உங்களுக்கு அனுப்புகிறேன் என்று வையுங்கள். நீங்கள் பெட்டியில் கடிதத்தை வைத்து, அந்தப் பூட்டை அமத்தி அனுப்புகிறீர்கள். அமத்துவதற்குத் திறப்பு தேவையில்லை, திறப்பதற்குத்தான் தேவை. அந்தத் திறப்பு என் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. சிக்னலின் கெட்டித்தனம் இதற்கும் மேலே: ஒவ்வொரு செய்திக்கும் புதுத் திறப்பு, பழையது அழிந்துபோகும். இன்றைய திறப்பை ஒருவன் திருடினாலும் நேற்றைய செய்தி அவனுக்குக் கிடைக்காது.

அப்படியென்றால் கள்ளன் எங்கே வருகிறான்? போனுக்குள். 2019இல் என்எஸ்ஓ என்ற இஸ்ரேலியக் கம்பனியின் உளவு மென்பொருள், வட்ஸ்அப் கோலில் இருந்த ஒரு ஓட்டை வழியாக சுமார் 1,400 போன்களுக்குள் நுழைந்தது. கோலை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பூட்டு உடையவில்லை, பூட்டைத் திறந்து வாசிப்பவரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். ஆகவே அப்டேட் கேட்டால் டேட்டாவைப் பார்க்காமல் போடுங்கள்.

கேள்வி: எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. இந்தப் பூட்டெல்லாம் எதற்கு?
– ஓய்வுபெற்ற அரச ஊழியர், புதுக்குடியிருப்பு

பதில்: ஐயா, மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கும் சொல்ல ஒன்று இருக்கும். அதை யாருக்குச் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது.

வன்னியில் இருந்துகொண்டு இதை மறக்க நமக்கு வழியில்லை. யுத்த காலத்தில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் குடும்பச் செய்தித் தாள் உங்கள் கைக்கும் வந்திருக்கலாம். ஒட்டாத தாள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். அதிகாரிகள் வாசித்துப் பார்க்கலாம் என்பதற்காகவே அது திறந்த கடிதமாக இருந்தது. அந்தத் தாள் வராமல் இருந்திருந்தால் எத்தனையோ பேருக்குத் தங்கள் பிள்ளை உயிரோடு இருப்பதே தெரிந்திராது. அதைச் சுமந்து வந்தவர்களை நான் என்றைக்கும் கும்பிடுவேன். ஆனால் அதில் நாம் என்ன எழுதினோம்? எல்லாரும் சுகம், தம்பி படிக்கிறான், மழை இல்லை. எதற்குப் பயந்தோம், அடுத்து எங்கே போக நினைத்தோம், யாரை நம்பவில்லை என்பது தாளில் வரவில்லை. வேறொருவர் வாசிப்பார் என்று தெரிந்தால் பேனா தானாகவே சுருங்கிவிடும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று உறவுகள் பேசியதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் ஒரு தாய் மகளோடு பேசவேண்டி இருந்தது.

2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் அமர்ந்த தாய்மாரின் போனில் என்ன இருக்கும்? சட்டத்தரணியின் இலக்கம், கண்டவர் சொன்ன சாட்சியம், கடைசியாக எடுத்த படம். அவர்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. உரத்துச் சொல்லத்தான் அவர்கள் வெயிலில் இருந்தார்கள். ஆனால் சாட்சி சொன்னவரின் பெயர் யாரிடம் போக வேண்டும் என்பது அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். இவ்வளவு காலம் திறந்த கடிதம் எழுதிய ஊருக்கு ஒட்டிய கடிதம் எழுதும் வசதி இலவசமாக வந்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஐயா.

கேள்வி: அரசாங்கம் இந்த அப்களை மூடினால்?
– ஒட்டுசுட்டான்

பதில்: மூடியிருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3 அன்று மக்கள் வீதிக்கு இறங்கியபோது. மூன்று தடவையும் ஒரு செய்தியின் பூட்டும் திறபடவில்லை, பாதையைத்தான் அடைத்தார்கள். இரவோடு இரவாக, அடைப்பைச் சுற்றிப் போகும் விபிஎன் என்ற சொல்லை நாடே படித்தது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு விதமானது. பொய்யான கூற்று என்று ஓர் ஆணைக்குழு கருதினால் நடவடிக்கை எடுக்கலாம். அந்த அதிகாரம் மிக அகலமானது என்பது என் கருத்து. அதற்குப் பூட்டும் முழுக் காவல் இல்லை: குழுவில் உங்களோடு 200 பேர் இருந்தால் பூட்டுக்கு 200 திறப்பு. அதில் ஒருவர் ஸ்கிரீன்சொட் எடுத்தால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

கேள்வி: அம்மா மல்லாவியில். வீடியோ கோல் எடுத்தால் அரைமணித்தியாலமும் அவவின் காதைத்தான் பார்க்கிறேன். என்ன செய்யலாம்?
– ஸ்காபரோவில் இருந்து ஒரு மகன்

பதில்: அந்தத் தோடு நீங்கள் வாங்கிக் கொடுத்ததென்றால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் போன் என்றால் காதில் வைப்பது. அவ நாற்பது வயதுக்குப் பிறகு கண்டதே அந்தப் போன்தான். அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மேசையில் செம்பில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். யன்னல் அவவின் முன்னால் இருக்கட்டும், பின்னால் இருந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும். இன்னொன்று: கோடையில் உங்கள் நேரம் எங்கள் நேரத்துக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னே, மாரியில் பத்தரை. நீங்கள் வேலை முடிந்து ஆறுதலாக எடுக்கும்போது அம்மா விடியப்புறம் கண்ணைக் கசக்கிக்கொண்டு "நான் முழிப்புத்தான் ராசா" என்பா. நம்பாதீர்கள்.

கேள்வி: சூமில் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு முகம் உறைந்து நிற்கிறதாம், குரல் வெட்டுகிறதாம். ஒரு நாள் யாரோ தெரியாதவன் உள்ளே வந்து கூச்சல் போட்டான்.
– ரீச்சர், துணுக்காய்

பதில்: கூச்சலை முதலில் முடிப்போம். இணைப்பை முகநூலில் போடாதீர்கள், கடவுச்சொல் வையுங்கள், காத்திருப்பு அறையைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்து உள்ளே எடுங்கள். 2020 வசந்தத்தில் உலகம் முழுக்க இதே அட்டகாசம் நடந்த பிறகுதான் சூம் இந்த இரண்டையும் தானாகவே இயங்கும்படி மாற்றியது.

இனி உறைந்த முகம். வீடியோ என்பது முழுப்படத்தையும் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. முந்திய படத்தில் இருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறது. நீங்கள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்தால் வாயும் கண்ணும் கையும்தான் மாறும். முற்றத்தில், வேப்பமரத்துக்கு முன்னால் இருந்தால் காற்றுக்கு ஆடும் ஒவ்வொரு இலையும் உங்கள் டேட்டாவைக் கேட்கும். ஆகவே சுவர். பாடம் நடக்கும்போது பிள்ளைகளின் கமெராவை நிறுத்தச் சொல்லுங்கள், குரல் போதும். 2012இல் தரமாக்கப்பட்ட ஓப்பஸ் என்ற ஒலிமுறை நொடிக்கு 6 கிலோபிட்டுக்கும் இறங்கி வேலை செய்யும். கூகுள் 2021இல் வெளியிட்ட லைரா 3 கிலோபிட்டில் மனிதக் குரலை விளங்கும்படி கொண்டுபோனது. குரலின் அடையாளங்களை மட்டும் அனுப்பி, மறுமுனையில் இயந்திரம் அதைத் திரும்பக் கட்டுகிறது. என்விடியா கம்பனி 2020இல் முகத்துக்கும் இதே வேலையைச் செய்து காட்டியது: கண், மூக்கு, வாய் எங்கே அசைகிறது என்ற புள்ளிகள் மட்டும் பயணம் செய்யும், முகம் அங்கே வரையப்படும்.

கோவிட் காலத்தில் பதுளைப் பக்கத்து மலைக் கிராமப் பிள்ளைகள் ரவர் சிக்னல் தேடிக் கல்லுக்கு மேலும் மரத்துக்கு மேலும் ஏறியிருந்து படித்த படங்களை எல்லாரும் பார்த்தோம். குறைந்த டேட்டாவில் ஓடும் கண்டுபிடிப்புகள்தான் என் மனதில் முதல் இடம் பிடிப்பவை. கலிஃபோர்னியாவில் முப்பரிமாணத்தில் ஆளைக் கொண்டுவந்து கதிரையில் இருத்துகிறார்களாம். இருத்தட்டும். துணுக்காய்ப் பிள்ளைக்கு ரீச்சரின் குரல் வெட்டாமல் வந்தால் அதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

கேள்வி: லண்டன் சித்தப்பா வட்ஸ்அப்பில் "ஆறு இலக்கம் ஒன்று வரும், அனுப்பு" என்றார். அனுப்பலாமா?
– கடைக்காரர், முள்ளியவளை

பதில்: கூடாது! அது உங்கள் கணக்கின் திறப்பு. சித்தப்பாவின் கணக்கு ஏற்கெனவே களவு போய்விட்டது, கள்ளன் அடுத்ததாக உங்களிடம் வந்து நிற்கிறான். இன்றைக்கே இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, ஒரு இரகசிய இலக்கத்தையும் வையுங்கள்.

குரலைக் கேட்டு, முகத்தைப் பார்த்து நம்பும் காலமும் போய்விட்டது. அருப் என்ற பிரித்தானியப் பொறியியல் கம்பனியின் ஹொங்கொங் ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் தன் நிதி அதிகாரியைக் கண்டார், சக ஊழியர்களைக் கண்டார், சொன்னபடி 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பினார். 2024இல் செய்தி வெளிவந்தது: அந்தக் கூட்டத்தில் உண்மையான ஆள் அவர் ஒருவர்தான், மற்ற முகங்கள் எல்லாம் போலி. ஆகவே சித்தப்பா அவசரமாகக் காசு கேட்டால், பழைய வளவில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள். கோபித்தாலும் சித்தப்பா பதில் சொல்லுவார்.

கேள்வி: காணாமல் போன மகனின் படங்கள் என் பழைய போனில் இருக்கின்றன. போன் சூடாகி நின்றுவிடுகிறது. அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், வவுனியா

பதில்: அம்மா, இதை இன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு வைக்காதீர்கள். நம்பிக்கையான பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, படங்களை ஒரு கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுப்பியுங்கள். வட்ஸ்அப்பில் வெளிநாட்டு உறவுக்கு அனுப்பும்போது படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப் சேமிப்புப் பிரதிக்கும் 2021 முதல் பூட்டுப் போடலாம், ஆனால் அதன் கடவுச்சொல்லைத் தொலைத்தால் கம்பனியாலும் மீட்டுத் தர முடியாது. அதைத் தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். செய்திகள் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். அச்சுப்படம் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கம் எழுதியிருந்தால் பின்பக்கத்தையும்.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் இந்தப் பூட்டெல்லாம் போய்விடுமாமே?
– பொறியியல் பீட மாணவி, அறிவியல்நகர்

பதில்: இன்றைக்குப் பூட்டியதைச் சேர்த்து வைத்து, அந்தக் கணினி வந்த பிறகு திறக்கலாம் என்று காத்திருப்பவர்கள் இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே பூட்டை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். சிக்னல் 2023 செப்டெம்பரில், அப்பிள் ஐமெசேஜில் 2024இல். அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஓகஸ்டில் புதிய முறைகளைத் தரமாக்கியது. அவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது லற்றிஸ் என்ற கணிதம். இரணைமடுக் குளக்கட்டில் இருந்து படித்தாலும் விளங்கும். படியுங்கள், தங்கச்சி, நாளைய பூட்டில் ஒன்று அறிவியல்நகரில் இருந்து வரட்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் ரவர் இல்லை. ஸ்டார்லிங்க் வருமா?
– கடற்றொழிலாளர், கொக்கிளாய்

பதில்: அந்தச் செய்மதி இணையம் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. மரம் மறைக்காத வானம் தெரிந்தால் போதும். தனி வீட்டுக்குச் செலவு கூட, சங்கமாகச் சேர்ந்து ஒன்றை எடுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை நோர்வேயில். சூமில் பெண் பார்க்க வந்தார். பின்னால் பெரிய நூலகம் தெரிந்தது. உண்மையாக இருக்குமோ?
– பெண்ணின் மாமி, நெடுங்கேணி

பதில்: ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆளை மட்டும் வெட்டியெடுத்துப் பின்னால் வேறு படம் ஒட்டுவது இன்றைக்குச் சின்னப் பிள்ளை வேலை. கையைப் பின்னால் நீட்டும்போது விரல் கரைந்தால் அது ஒட்டுப் படம். அதற்காகச் சம்பந்தத்தை விடவேண்டாம், அறை ஒதுக்காமல் கிடந்திருக்கும். புத்தகம் கையோடு வந்தால், என்ன புத்தகம் என்று பெண்ணே கேட்கட்டும். மாமியவை கொஞ்ச நேரம் குசினிக்குப் போகலாம்.