வேலை ஜீப்பின் ஓய்வுக்காலம்

பழைய வேலை ஜீப் என்பது, காயலாங்கடைக்காரர் எடை போட்டுச் சொல்லும் விலைக்கும் உரிமையாளர் மனதில் வைத்திருக்கும் விலைக்கும் நடுவே பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் நாற்சக்கர ஊர்தி. அதை வாங்கிப் பிரித்து, மறுபடி சேர்த்து, ஓடவைத்து, அதன்பின் ஓட்டாமல் பாதுகாக்கும் பழக்கமே இங்கு ஆய்வுப்பொருள். பழைய கார் சேகரிப்போர் இதில் அடங்கார். கார் என்பது ஒருகாலத்தில் யாரோ சொகுசாகப் போய்வந்தது. ஜீப்போ போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றியது. உர மூட்டை சுமந்தது. தேர்தலுக்குத் தேர்தல் தலையில் குழாய் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியது. எந்தக் கட்சிக்கு என்பதை அது பொருட்படுத்தியதில்லை.

இதன் வம்சாவளி போர்க்களத்தில் தொடங்குகிறது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிகிற ஆண்டிலேயே வில்லிஸ், பின்கதவு வைத்து, ஏர் பூட்ட வசதி செய்து, அதையே விவசாயிக்கும் விற்கத் தொடங்கியது. 1953இல் வந்த சிஜே-3பி மாதிரியில்தான் இந்திய ரசிகரின் கவனம் முழுவதும் நிலைத்திருக்கிறது. அதில் பொருத்திய ஹரிக்கேன் எஞ்சினில் உள்வால்வுகள் ஹெட்டிலும் வெளிவால்வுகள் பிளாக்கிலும் இருக்கும். அதனால் எஞ்சின் உயர்ந்தது. பழைய பானெட் மூட மறுத்தது. எஞ்சினைக் குட்டையாக்க யாரும் மெனக்கெடவில்லை, பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நடந்த இந்தக் காரியத்தைப் பிற்காலத்தார் ‘ஹைபானெட்’ என்று கொண்டாடி அதில் கம்பீரம் கண்டனர். அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன இந்த மாதிரி மஹிந்திராவின் கையில் அதன் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்தது.

வாங்கும் கட்டத்தில் விற்பவர் கூறும் முதல் வாக்கியம் மாவட்டந்தோறும் ஒன்றே: “நிறுத்தும்போது நல்லா ஓடிக்கிட்டுத்தாங்க இருந்துச்சு.” தர்க்க நூல் முறைப்படி இதை மறுக்க இயலாது, ஓடாத வண்டியை நிறுத்த முடியாதல்லவா. இரண்டாம் வாக்கியம், “பேட்டரி ஒண்ணு போட்டாப் போதும்” என்பது. இதைச் சொல்லும்போது வண்டி புளியமரத்தடியில் நாலு சக்கரமும் காற்றிறங்கி, சீட்டில் கோழி அடைகாக்கும் நிலையில் இருப்பது வழக்கம். அனுபவசாலிகள் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோவர். தகரம் உள்ள இடத்தில் காந்தம் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் நழுவிக் கீழே விழும். இரண்டு பக்கமும் தடவி வரும்போது ஓரிடத்தில்கூட ஒட்டாத வண்டிகளும் உண்டு. அவற்றையும் வாங்கியிருக்கிறார்கள். வந்தவர் பானெட்டில் வைத்த கையைச் சற்று நேரம் எடுக்காமலிருந்தாலே விலை முடிவாகிவிடுகிறது. அதன்பின் நடக்கும் பேரம் வெறும் மரியாதைக்கு.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் பெரும்பாலும் காலமாகியிருப்பார். வாரிசுகளில் ஒருவர் மதுரையிலும் இன்னொருவர் துபாயிலும் இருப்பர். இத்தனை நாள் கோழிக்கு விட்டுவைத்திருந்த வண்டி ‘அப்பா ஓட்டிய வண்டி’ என்பது, முன்பணம் கைமாறிய அன்று அவர்களில் ஒருவருக்கு நினைவு வரும். இந்நினைவுக்கும் தனியே ஒரு விலை உண்டு.

அடுத்தது பிரித்தல். இத்துறையின் ஆழம் தெரிவது இங்குதான். ஜீப்பின் போல்ட்டுகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீட்டர். பட்டறையில் கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் கிடப்பதோ 13ஆம் நம்பர் ஸ்பேனர். மிச்சமிருக்கும் 0.3 மில்லிமீட்டரில்தான் இந்தியப் பழுதுபார்ப்பின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் தலைக்கு ஒருமுறை வழுக்கவிட்டதில் நட்டின் ஆறு முனைகளும் தேய்ந்து அது வட்டமாகியிருக்கும். இத்தகைய நட்டுக்கு முதலில் டீசல் ஊற்றி ஒரு நாள் ஊறவிடுவர். மறுநாள் சுத்தியலால் சுற்றிலும் தட்டுவர். வேகமாக அல்ல, கதவு தட்டும் பதத்தில். அடுத்து கேஸ் டார்ச்சைப் பிடித்து நட்டு செம்மண் நிறம் வரும்வரை காய்ச்சுவர். ஸ்பேனரோடு இரண்டடி பைப்பைச் சொருகி அழுத்தினால் ஒரு சத்தம் வரும். நட்டு கழன்ற சத்தத்துக்கும் போல்ட்டு முறிந்த சத்தத்துக்கும் காதில் வேறுபாடு தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். பார்க்கச் சிறிது தயங்குவது எல்லோரிடமும் காணப்படும் இயல்பு.

பிரித்த சாமான்களைத் தகர டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது மரபு. முதல் வாரத்து டப்பாக்களில் ‘முன் ஆக்சில், இடது’ என்பதுபோல் தெளிவாக எழுதியிருக்கும். மூன்றாம் மாதத்து டப்பாக்களில் ‘இதர’ என்று மட்டும் இருக்கும்.

காணாமல்போன உதிரிகளுக்குச் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். இங்கெல்லாம் பொருளின் பெயர் சொல்லிக் கேட்பது கத்துக்குட்டியின் அடையாளம். சாம்பிள் கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பையனைப் பரணில் ஏற்றிவிடுவார். பையன் கொண்டுவருவது அச்சு அசலாக அதேபோல், அதே இடத்தில் உடைந்ததாக இருக்கும்.

எஞ்சின் விஷயத்தில் இத்துறை இரு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் உழைக்கும் உரிமையாளர்கள் அனைவரும் ஹரிக்கேனைக் கழற்றி எடைக்குப் போட்டு, கிடைத்த டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். அது நியாயமான காரியம். வண்டி சம்பாதித்தாக வேண்டியிருந்தது. இன்றைய ஆர்வலர் அந்த டீசலைக் கழற்றிவிட்டு, எடைக்குப் போன ஹரிக்கேனைத் தேடி அலைகிறார். கிடைத்து, ரீபோர் செய்து, பொருத்தி, பிளக் வயர்களை 1-3-4-2 என்ற வரிசை தவறி மாட்டினால் முதல் ஸ்டார்ட்டில் வெடிச்சத்தம் கேட்கும், தெரு நாய்கள் ஓடும். சரியாக மாட்டினால் எஞ்சின் பிடித்துவிடும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியை அப்போது அருகில் நிற்கும் மைத்துனர் கேட்பார். இதற்கு விடை அளிக்கும் வழக்கம் இல்லை. உண்மையில் கணக்கு எழுதும் நோட்டு அதற்கு வெகுநாள் முன்பே, கியர்பாக்ஸ் பக்கத்தோடு நின்றுபோயிருக்கும். ஐம்பது ஆண்டுகள் வண்டி மனிதனுக்கு உழைத்தது. அதன் ஓய்வுக்காலத்தில் மனிதன் வண்டிக்கு உழைக்கிறான். சீரமைப்பு என்று இத்துறை குறிப்பிடுவது இந்த இடமாற்றத்தைத்தான்.

நிறம் தேர்வதில் சட்டம் குறுக்கிடுகிறது. ஆர்வலர் அனைவரும் விரும்புவது ராணுவத்தின் ஆலிவ் பச்சை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி அந்நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. ஆகவே பெயிண்டரிடம் ‘அதுமாதிரி, ஆனா அது இல்ல’ என்று ஒரு நிறம் கலக்கச் சொல்வர். எது அந்த நிறம் என்பது சோதனைச் சாவடியில் தெரியவரும்.

2021இல் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை, பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் மூல வடிவில் வைத்திருந்தால், 20,000 ரூபாய் கட்டிப் பழம்பெரும் வாகனமாகப் பதிவுசெய்து, எண்பலகையில் ‘விஏ’ எழுத்துகளைப் பெறலாம். லாரி ஆர்வலர்களுக்கு இதில் இடமில்லை. இரண்டு, நான்கு சக்கரங்களோடு விதி நின்றுவிடுகிறது. இவ்வாறு பதிவான வண்டியைச் சாலையில் எடுக்க அனுமதிக்கும் காரணங்கள் சிலவே: கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு. பட்டறைக்குப் போய்வருவதைச் சட்டமே ஒரு பயணமாக ஏற்றுக்கொண்டிருப்பது, இவ்விதியை எழுதியவர் பழைய வண்டியை நன்கு அறிந்தவர் என்பதற்குச் சான்று.

பயன்பாடு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஞாயிறு காலை டீக்கடை வரை போவது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசிக்கொள்வது. மழையில் எடுப்பதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் பழைய பழக்கத்தில், “நாலு வாழைத்தார்தாங்க, சந்தை வரைக்கும்” என்று கேட்பதுண்டு. பெயிண்ட் இன்னும் காயவில்லை என்பது முதல் ஆண்டுப் பதில், கிளட்ச் சரியில்லை என்பது இரண்டாம் ஆண்டுப் பதில். மூன்றாம் ஆண்டு மினி லாரி ஒன்றை வரவழைத்து, வாடகையையும் தாமே கொடுத்துவிடுகிறார்கள்.