கேபின் துளையியல்: நடுக்கடலில் சார்ஜ் ஏற்றுதல் குறித்த ஓர் ஆய்வுரை

நூல் என்றால் பாயிரம் வேண்டும் என்பது மரபு. இந்நூலின் பாயிரம் சிறியது: உல்லாசக் கப்பலில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை, பிளக் பாயின்ட்டுக்குத்தான் பஞ்சம். 2004 முதல் ஓடும் 'குயின் மேரி 2' கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு டீசல் எந்திரங்களும் இரண்டு வாயுச் சுழலிகளும் ஒருசேர முழு மூச்சில் ஓடினால் ஏறத்தாழ 117 மெகாவாட் பிறக்கும். ஒரு சார்ஜருக்கு 20 வாட் என்று வைத்தால் ஒரே நேரத்தில் 58 லட்சம் செல்பேசிகளுக்கு ஊட்டலாம். அதில் பெரும்பங்கு கப்பலை நகர்த்தவே செலவாகிறது என்று ஒருவர் தடை எழுப்பலாம். எழுப்பட்டும், கப்பல் நகர்வதை நாமும் எதிர்க்கவில்லை. இவ்வளவு மின்சாரத்துக்கு நடுவில், காசு கொடுத்து ஏறிய ஒரு குடும்பம் மேசைமேல் இருக்கும் ஒற்றைப் பிளக் பாயின்ட்டைச் சுற்றி நின்று முறை வைத்துக்கொள்வது ஏன் என்பதே இந்நூல் நுதலிய பொருள்.

முதலில் வரலாறு. 1880-ல் 'கொலம்பியா' என்ற அமெரிக்க நீராவிக் கப்பலில் எடிசனின் ஆட்கள் மின்விளக்குகளைப் பொருத்தினார்கள். தம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எடிசன் வணிகமுறையில் விளக்கேற்றிய முதல் இடம் மாளிகையோ ஆலையோ அல்ல, இந்தக் கப்பல்தான். பயணியின் அறைக்குள் விளக்கு இருந்தது, விசை இல்லை. விசை கதவுக்கு வெளியே ஒரு பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. ஏற்றுவதற்கும் பணியாளர் வரவேண்டும், அணைப்பதற்கும் அவரே வரவேண்டும். பயணிக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் சீருடை அணிந்த ஒருவர் நிற்பார் என்ற கொள்கை அன்றே நிலைபெற்றுவிட்டது. இன்று அவர் துறைமுகத்தில் எக்ஸ்ரே எந்திரத்துக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். அவரிடம் பிறகு வருவோம்.

துளைப் பஞ்சத்துக்குக் காரணம் கருமித்தனம் என்பார் உண்டு. அது பொருந்தாது. கப்பலின் ஆயுளும் செல்பேசியின் ஆயுளும் ஒத்துப்போகாததே காரணம். 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'எம்ப்ரஸ்', 1990-ல் பிரான்சில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டி முடிக்கப்பட்டது. அந்த ஆண்டில் ஒரு பயணி கப்பலுக்குக் கொண்டுவந்த மின்கருவி என்றால் ஷேவர், மிஞ்சினால் ஹேர் டிரையர். அக்காலத்து அறைகளை வரைந்தவர்கள் மேசையருகே ஒன்றும் குளியலறையில் ஒன்றுமாக வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான்கு பேருக்கு நான்கு செல்பேசி, இரண்டு கைக்கடிகாரம், மூன்று ஜோடி காதுக்கருவி, ஒரு டேப்லட், ஒரு கேமரா, மாமனாரின் பி.பி. மெஷின் என்று ஒரு கூட்டம் வந்து இறங்கும் என எந்த ஜோசியரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இனித் துளைகளின் இலக்கணம். தட்டையான கால்களுக்குரியது அமெரிக்க மரபு, 110 வோல்ட். குழிக்குள் இரண்டு உருண்டைத் துளைகள் இருந்தால் ஐரோப்பிய மரபு, 220 வோல்ட். பல கப்பல்களில் இவ்விரண்டும் அண்டை வீட்டாராக இருக்கும். பிரிட்டிஷ் பயணிகளை நம்பி ஓடும் கப்பல்களில், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ளவர்களுக்குப் பழகிப்போன பட்டைக்கால் மூன்றுக்கான துளையும் உண்டு. நம் ஊர்ச் செல்பேசிச் சார்ஜரின் இரண்டு உருண்டைக் கால்கள் ஐரோப்பியத் துளையில் பெரும்பாலும் இறங்கிவிடும். லேப்டாப்பின் மூன்று உருண்டைக் கால்கள் மேற்சொன்ன எதிலும் இறங்கா. அழுத்தினாலும் இறங்கா. அதற்கு அடாப்டர் வேண்டும்.

அடாப்டர் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதை மறந்தவர்கள்தான் இத்துறையின் தியாகிகள். சார்ஜரின் முதுகில் எறும்பெழுத்தில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் உலகின் எந்தத் துளையிலும் அது பிழைக்கும். செல்பேசி, லேப்டாப், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வினத்தவை. சூடாக்கும் கருவிகள் வேறு சாதி. 220-க்கென்றே செய்த ஹேர் டிரையரை 110-ல் செருகினால் அழுத்தம் பாதியாகும், ஆற்றலோ கால்வாசியாகும். தலை காய்வதற்குள் அடுத்த துறைமுகம் வந்துவிடும். 110-க்கென்றே செய்ததை 220-ல் செருகினால் நான்கு மடங்கு வாங்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த ஆய்வு சில நொடிகளில் முடிந்துவிடும். குளியலறையில் ஷேவர் படம் போட்டிருக்கும் துளை ஷேவருக்கு மட்டுமே. அதன் பின்னால் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மருக்கு அதற்கு மேல் தாங்காது.

கேபின்வாசிகளிடையே இரண்டு பெரும் பள்ளிகள் உள்ளன. கட்டிலடிப் பள்ளியினர் அறைக்குள் நுழைந்ததும் குனிந்து, கட்டிலுக்குப் பின்னும் மேசைவிளக்கின் மறைவிலும் இரகசியத் துளை தேடுவர். பழைய கப்பல்களில் சில வேளை அவர்களுக்குப் பலன் கிட்டும். பின்திரைப் பள்ளியினர் டிவியின் முதுகைத் தடவி யுஎஸ்பி வாயைக் கண்டுபிடிப்பர். பழைய யுஎஸ்பி வாய் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும், அதாவது இரண்டரை வாட். இக்காலச் செல்பேசியின் 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கிட்டத்தட்ட 19 வாட்-மணி கொள்ளும். எட்டு மணி நேரம் டிவியைப் போட்டே வைத்திருந்தால் நிறையலாம், அதற்குள் படம் எடுக்கவேண்டிய தீவு பின்னால் போய்விட்டிருக்கும். டிவியின் பிளக்கையே பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் செருகும் மூன்றாம் பள்ளி ஒன்றும் உண்டு. அது ஒழுக்கக்கேடு என்பதால் இங்கே ஆராயப்படவில்லை.

இனி வருவது இந்நூலின் உயிர்நிலை. ஒரு துளை ஐந்தாக வேண்டுமானால் தமிழ்க் குடும்பம் என்ன செய்யும்? வீட்டில் கம்ப்யூட்டருக்கடியில் கிடக்கும் ஸ்பைக் பஸ்டரைத் தூசி தட்டிப் பெட்டியில் வைக்கும். வீட்டுக் காவலனாகப் பல்லாண்டு உழைத்த அந்தக் கருவி கப்பலில் தீவட்டிக்காரனாக மாறக்கூடும். இது எப்படி என்று விளங்காதவரை, கப்பல் நிறுவனங்கள் வேண்டுமென்றே வம்பு செய்வதாகவே தோன்றும். எனவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

தரையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் கம்பியை மண்ணோடு பிணைத்துவிடுகிறார்கள். ஆகவே ஃபேஸ் கம்பி மண்ணைவிட 230 வோல்ட் உயரத்திலும் நியூட்ரல் ஏறக்குறைய மண்ணின் மட்டத்திலும் இருக்கும். ஃபேஸ் எங்காவது எர்த்தைத் தொட்டால் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போகும், அல்லது டிரிப்பர் விழும். வீட்டில் இது நல்லது. அதிகம் போனால் சீரியல் பாதியில் நிற்கும். கப்பலில், புயலுக்கு நடுவே, எங்கோ ஒரு ஈரக் கம்பி இரும்புச் சுவரைத் தொட்டுவிட்டது என்பதற்காகச் சுக்கான் எந்திரத்தின் மின்சாரம் நிற்கலாமா? நிற்கக் கூடாது. அதனால் கப்பல் பொறியாளர்கள் பல கப்பல்களில் எந்தக் கம்பியையும் கப்பலின் உடலோடு பிணைப்பதில்லை. இரண்டு கம்பியும் சமமாக மிதக்கின்றன. அவற்றுள் எது நியூட்ரல் என்று கேட்பதே பொருளற்றது. டெஸ்டர் வைத்தால் இரண்டிலும் விளக்கு எரியக்கூடும் (வைத்துப் பார்க்க வேண்டாம்). ஒன்று இரும்பைத் தொட்டாலும் எதுவும் அணையாது. எந்திர அறையில் ஓர் எச்சரிக்கை எழும், மின்பணியாளர் குறையைத் தேடிக் கிளம்புவார். அவர் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை, தொடாத மற்றக் கம்பி கப்பலின் இரும்பைவிட முழு வோல்ட் உயரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இப்போது ஸ்பைக் பஸ்டரின் வயிற்றுக்குள் பார்க்கலாம். அங்கே கம்பிக்கும் எர்த்துக்கும் குறுக்கே காசளவு வில்லைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி: மட்டம் வரம்பைத் தாண்டினால் மிகுதியை எர்த்துக்கு வழியவிடும், தணிந்ததும் நிறுத்திக்கொள்ளும். இடி இறங்கும் நொடியில் வழிந்தோடும் வெள்ளத்துக்கென்றே அது அமைந்தது. கப்பலிலோ எங்கோ ஒரு கம்பி தொட்டதால் மட்டம் மணிக்கணக்கில் உயர்ந்தே நிற்கலாம். வில்லை வழியவிட்டுக்கொண்டே இருக்கும், சூடேறும், உருகும். அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் அதற்கடியில் இருக்கும் கம்பளமும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு கேடும் உண்டு. மலிவான பெட்டிகளின் சிவப்பு விசையும் உள் டிரிப்பரும் ஒரு கம்பியைத்தான் வெட்டும். மிதக்கும் அமைப்பில் மற்றதும் உயிரோடிருக்கும் கம்பி. விசை அணைந்துவிட்டது என்று நாம் நினைப்போம், பெட்டி நினைக்காது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-லேயே இந்தக் கருவிகள் பற்றிக் கப்பல்களுக்கு எச்சரிக்கை விடுத்துவிட்டது.

ஆகவேதான் எக்ஸ்ரேக்காரர். அவர் தேடுவது பாட்டில் மட்டுமல்ல. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், காபி எந்திரம், மெழுகுவத்தி ஆகியவற்றோடு ஸ்பைக் பஸ்டரும் அவர் பட்டியலில் உண்டு. மற்றவர்களின் பெட்டி கேபின் வாசலுக்கு வந்துவிட, உங்கள் பெட்டி மட்டும் வராமல், கீழ்த்தளத்து அறைக்கு வந்து திறந்துகாட்டச் சொல்வார்கள். பொருளைச் சில நிறுவனங்கள் கடைசி நாள்வரை வைத்திருந்து கொடுக்கும், சில கொடுப்பதே இல்லை. வழக்கு என்னவென்றால், கடையில் இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து எந்தப் பெருமைக்காக அதை வாங்கினோமோ, அட்டையில் கொட்டை எழுத்தில் எத்தனை ஜூல் தாங்கும் என்று போட்டிருந்த அந்தப் பெருமையே இங்கே குற்றப்பத்திரிகை ஆகிறது.

தடை: பாதுகாப்பு வில்லை இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோகலாமே? விடை: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில ஏற்கும். ராயல் கரீபியன் நிறுவனம் 2024-ல் எக்ஸ்டென்ஷன் கம்பியையும் பல துளைப் பெட்டியையும் சேர்த்தே விலக்கிவிட்டது. எனவே பயணச்சீட்டோடு வரும் விலக்குப் பட்டியலை ஏறுவதற்கு முன் படிப்பவனே இத்துறையில் அறிஞன். எல்லாப் பள்ளிகளுக்கும் இசைவான கருவி ஒன்றுதான்: சுவர்த் துளையில் நேரே செருகும், கம்பியில்லாத, நான்கு யுஎஸ்பி வாயுள்ள ஒற்றைச் சார்ஜர். 65 வாட் உள்ளதாக வாங்கினால் லேப்டாப்பும் உண்ணும். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சீபாப் எந்திரம் வைத்திருப்போர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கப்பலே தன் எக்ஸ்டென்ஷன் கம்பியைத் தரும். இந்த ஒரு விதிவிலக்கில்தான் கப்பல்காரர்களின் மனம் தெரிகிறது: அவர்கள் பகை கம்பியோடு அல்ல, யாரும் சோதிக்காத கம்பியோடு.

பவர் பேங்க் பற்றிச் சுருக்கமாக. கப்பலுக்கு முன் விமானம் இருக்கிறது. 100 வாட்-மணி வரை கைப்பையில் போகும், செக்-இன் பெட்டியில் போகாது. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. 27,000 என்றால் 99.9, அதாவது வாய்ப்பாடு தெரிந்த வியாபாரியின் கைவண்ணம். சிங்கப்பூர் போய்க் கப்பலேறுவோர் கவனிக்க: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை.

சார்ஜ் ஏறும் பொருளைத் தலையணைக்கடியில் வைக்கலாகாது என்று எல்லோரும் சொல்வார்கள். கப்பலில் அதன் பொருள் வேறு. நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. காலையில் தோசை பரிமாறியவரே குழாய் பிடிக்க வேண்டும். 2006 மார்ச் 23 அன்று 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் பிடித்த தீயில் ஒரு பயணி இறந்தார், நூற்றுக்கணக்கான அறைகள் சேதமாயின. எறிந்த சிகரெட் துண்டே பெரும்பாலும் காரணம் என்றது விசாரணை. ஒரு சிகரெட்டுக்கு அவ்வளவு. ஆகவே மேசைமேல், கண்ணுக்குத் தெரிய, துணி எதுவும் மூடாமல் வைத்து ஏற்றுக. வெளியே போகும்போது பிடுங்கிவிட்டுப் போக.

எஞ்சியிருப்பது பெட்டி கட்டும் காலம். ஏறும் நாளில் பெரிய பெட்டி கேபினுக்கு வர மாலையாகலாம், ஆகவே சார்ஜர் கைப்பையில் இருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். இறங்குவதற்கு முந்தின இரவில்தான் அறிவு தடுமாறும். மறுநாள் காலை கரையில் எடுத்துக்கொள்வதற்காகப் பெட்டிகளைப் படுக்கப்போகுமுன் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். வீட்டம்மா ஒழுங்காக எல்லாவற்றையும் மடித்து, நான்கு வாய்ச் சார்ஜரையும் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சொருகி, பூட்டி வெளியே தள்ளிவிடுவார். நள்ளிரவில் தாழ்வாரத்தில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும். காலையில் கேபினில் துளை சும்மா கிடக்கும். விமானச் சீட்டு, டாக்சி பதிவு, பெட்டிகளின் அடையாள எண் மூன்றும் இருக்கும் செல்பேசியில் நான்கு சதவீதம் மிச்சமிருக்கும். வரவேற்பு மேசையில் கடன் சார்ஜர் கேட்டு நிற்கும் வரிசையில் கட்டிலடிப் பள்ளியினரும் பின்திரைப் பள்ளியினரும் வேறுபாடின்றி நிற்பார்கள். அங்கே இருப்பது ஒரே சார்ஜர், அதுவும் உங்கள் செல்பேசிக்குப் பொருந்தாத முனையுடையது.