துரைமார் தந்த தன்னாட்சி

1953-இல் லண்டன் துரைமார் தங்கள் தென் அமெரிக்கக் காலனியான பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டக் கூலிகளுக்கும் ஓட்டுரிமை அருளினார்கள். சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், 21 வயது ஆனால் போதும். மதராஸில் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். என்ன தாராளம்!

தாராளத்துக்குக் காவலும் போட்டிருந்தார்கள். சட்டசபைக்கு மேலே ஒரு மேல்சபை. அதன் 9 பேரில் 6 பேர் கவர்னர் பொறுக்கியெடுத்தவர்கள். மந்திரிசபைக்குத் தலைமை கவர்னர். கஜானா, போலீஸ், சட்டத்துறை மூன்றும் நியமன அதிகாரிகளிடம். எந்த மசோதாவையும் தடுக்கும் அதிகாரம் மறுபடி கவர்னரிடமே. மிச்சத்தை மக்கள் ஆண்டுகொள்ளலாம்.

24 இடங்களில் 18-ஐப் பிடித்தார் செட்டி ஜகன். தொழிலால் பல் டாக்டர். பல் பிடுங்கிய சாசனத்தை அவரிடம் நீட்டியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லையென்று யார் சொன்னது?

அவர் செய்த மாபாதகம், தொழிலாளர் பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுக்கும் சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்ற மசோதா. அமெரிக்காவில் 1935-லேயே வந்துவிட்ட சட்டம்தான். ஆனால் கயானாவின் கரும்பு பெரும்பாலும் புக்கர் கம்பெனியுடையது. (பிற்பாடு லண்டனில் நாவலுக்குப் பரிசு வைத்தது இதே புக்கர்தான். கூலி கேட்டவனைப் பிடிக்காது, கதை எழுதுபவனைப் பிடிக்கும்.) 'கம்யூனிஸ்ட் சதி' என்று கூச்சல் எழுந்தது. போர்க்கப்பல் வந்தது, சிப்பாய்கள் இறங்கினார்கள். அக்டோபர் 9 அன்று சாசனத்தை முடக்கினார்கள். மக்கள் ஆட்சியின் ஆயுள் 133 நாள். நடமாட விதித்த எல்லையைத் தாண்டினார் என்று அடுத்த ஆண்டு ஜகனைச் சிறையில் போட்டார்கள்.

ஆனாலும் ஜனங்கள் திருந்தவில்லை. 1957-இலும் 1961-இலும் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். வாக்காளரை மாற்ற முடியாதே, ஓட்டு எண்ணும் முறையை மாற்றினால் போயிற்று! வாஷிங்டனும் அதைத்தான் விரும்பியது. 1964-இல் விகிதாசார முறை வந்தது. அப்போதும் அதிக ஓட்டு ஜகனுக்கே, சுமார் 46 சதவீதம். பெரும்பான்மைதான் வரவில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்கள் கைகோத்தார்கள். ஜகன் ராஜினாமா செய்ய மறுத்தார். உடனே, அவரை நீக்குவதற்கென்றே சாசனத்தைத் திருத்தினார்கள். பதினோரு ஆண்டுக்கு முன் சாசனத்தையே முடக்கிய அதே கைகள்!

பிறகு, இரண்டாவதாக வந்த ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமிடம் நாட்டை ஒப்படைத்து, 1966-இல் கொடியை இறக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப் பெட்டியைக் கொள்ளையடித்தார். அதற்கு எந்தப் போர்க்கப்பலும் வரவில்லை. நேர்மையான அடுத்த தேர்தலுக்கு 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதில் ஜெயித்து ஜனாதிபதியானவர், 74 வயதுச் செட்டி ஜகன்.