முடிவெடுத்த பிறகு இஸ்திகாரா தொழுவது எப்படி?

1. முதலில் மனைக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இனி எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்கலாம்.

2. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்காதீர்கள். பக்கத்து மனைக்காரரிடம் விசாரிக்காதீர்கள். அதெல்லாம் ஈமான் குறைந்தவர்கள் வேலை. இரண்டு ரக்அத் நஃபில் இருக்கும்போது மஷூரா எதற்கு?

3. தொழுத பின் ஓதும் துஆ புகாரியில் இருக்கிறது. குர்ஆன் சூராவைக் கற்றுக்கொடுப்பதுபோல் நபி (ஸல்) அவர்கள் இதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். அரபியிலேயே வேகமாக ஓதி முடியுங்கள். பொருள் பார்த்துவிடாதீர்கள். காரியம் கெடுதலாக இருந்தால் அதை என்னைவிட்டும், என்னை அதைவிட்டும் திருப்பிவிடு என்று கேட்டிருப்பது தெரிந்துவிடும். முன்பணம் என்னாவது?

4. காரியத்தைச் சொல்லும் இடம் வந்ததும் விவரமாகச் சொல்லுங்கள்: மூலை மனை, முப்பதடி ரோடு, கிழக்குப் பார்த்தது. (வாஸ்து நமக்குக் கிடையாது. இருந்தாலும்.)

5. படுங்கள். கனவு வந்தாக வேண்டும். அந்த ஹதீஸில் கனவென்ற பேச்சே இல்லை. அதை ஹஜ்ரத்மார்கள் பார்த்துக்கொள்வார்கள். பச்சை, வெள்ளை தெரிந்தால் வாங்கலாம். சிவப்புத் தெரிந்தால் பதறாதீர்கள், அது செங்கல். கறுப்பா? கஅபாவின் திரையே கறுப்புதானே!

6. ஒன்றுமே தெரியாவிட்டால் மறுநாளும் தொழுங்கள். வேண்டிய பதில் வரும்வரை தொழுங்கள். ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் அம்பு குலுக்கிக் குறி கேட்டார்கள்: ஒன்று 'செய்', ஒன்று 'செய்யாதே', ஒன்று வெறும் அம்பு. வெறும் அம்பு வந்தால் மறுபடி குலுக்குவார்கள். அல்மாயிதா சூராவின் 3ஆம் வசனம் அதைத் தடுத்துவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம், அம்பைத் தொடவேயில்லையே. தவிர, 'செய்யாதே' வந்தால் அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் அவ்வளவு பலவீனமானவரல்ல.

7. தூக்கம் கெடுகிறதா? உங்கள் பெயரையும் உம்மா பெயரையும் எழுதி ஹஜ்ரத்திடம் கொடுத்துவிடுங்கள். மனை உங்களுக்கு, கனவு அவருக்கு.

8. மீதிப் பணத்துக்கு வட்டிக் கடன் வாங்கலாமா என்றும் இஸ்திகாரா தொழுங்கள். ஹராமான காரியத்துக்கு இஸ்திகாரா இல்லை என்று ஆலிம்கள் சொல்வார்கள். கேட்டால்தானே சொல்வார்கள்?

9. பத்திரம் பதிந்த பிறகு மனை ஏரிப் புறம்போக்கு என்று தெரியவந்தால் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். "இஸ்திகாரா பண்ணித்தானே வாங்கினேன்" என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். மாமனார் வந்து நிற்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.