அத்தைக்குச் சொல்லியாச்சா?

எங்கள் குடும்பத்தில் நல்லது ஒன்று நடந்தால் யாரும் உடனே சந்தோஷப்பட்டுவிட மாட்டார்கள். "அத்தைக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். சந்தோஷமெல்லாம் அதற்கப்புறம், நேரமிருந்தால்.

தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நல்ல சேதியென்றால் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவித் தபாலில் போட்டுவிடுவார்கள். யாருக்கு முதலில் போய்ச் சேரும் என்பது தபால்காரர் சைக்கிளைப் பொறுத்தது. கோபம் வந்தாலும் அவர்மேல்தான் வரும். தந்தி மட்டும் வேறு ரகம். தந்திக்காரரைத் தெருமுனையில் பார்த்ததுமே பாட்டி அழ ஆரம்பித்துவிடுவாளாம். சித்தப்பாவுக்கு வேலை கிடைத்த தந்தியை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி ஒப்பாரியே வைத்தாகிவிட்டது. கூடிய கூட்டம் வீணாகக் கூடாதென்று, எப்போதோ போய்ச் சேர்ந்த மாமியாருக்காகப் பாட்டி இன்னொரு பாட்டம் அழுதாள் என்பார் அப்பா. 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள். இப்போது நல்லதோ கெட்டதோ, நாமேதான் போன் போட்டாக வேண்டும். அதிலும் வரிசை பிசகக் கூடாது.

என் மனைவி உண்டாகியிருந்தபோது, மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாதென்று அம்மா உத்தரவு போட்டார். அந்த உத்தரவை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுத் தெரிவித்ததும் அம்மாதான். "மூணு மாசம் முடியட்டும்னு இருக்கோம். நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

மூன்று மாதம் முடிந்தது. நல்ல நேரம் பார்த்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லச் சொல்ல நான் போன் போட்டேன். முதலில் மனைவியின் தம்பி. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவன், சீர் கொண்டுவர வேண்டியவன். செலவு செய்யப்போகிறவனுக்கு முதலில் சொல்வதுதானே நியாயம்? அடுத்து அத்தை.

"அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதேப்பா!" அத்தை குரலில் அப்படியொரு ஆச்சரியம். பின்னாலிருந்து மாமாவின் குரல்: "அதான் போன மாசமே தெரியுமே?"

"டிவி சத்தம்ப்பா" என்றார் அத்தை.

பிறகு விசாரித்தேன். அம்மா சித்தியிடம் சொல்ல, சித்தி நியூ ஜெர்சியில் இருக்கும் மகளிடம் சொல்ல, அவள் அத்தை மகளிடம் சொல்லியிருக்கிறாள். மதுரையிலிருந்து திருமங்கலத்துக்கு டவுன் பஸ்ஸே போகிறது. செய்தி மட்டும் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் தாமதமாகத்தான் விடிகிறது என்கிறார்கள், குளிர்காலத்தில் பத்தரை. நம் வீட்டு விஷயத்தில் அப்படித் தெரியவில்லை.

குழந்தை பிறந்ததும் தாத்தா பெயரில் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒருவர் அனுப்பிய ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் வாழைத்தண்டுச் சாற்றுக்கும் நடுவில் என் மகள் அவதரித்தாள். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்து விழுந்தன. எங்கள் குரூப்பில் பிறப்புக்கும் அதுதான், இறப்புக்கும் அதுதான், மின்தடை அறிவிப்புக்கும் அதுதான். ஒரு மாமா மட்டும் "எப்போது எடுக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். செய்தியைப் படிக்காமல் கைகளை மட்டும் பார்த்திருப்பார்.

சம்பளம், கடன், வேலை போனது ஆகியவற்றை நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடும். வேலை போன என் தம்பியைப் பார்க்கிறவர்களெல்லாம் "வீட்லருந்தே வேலையாப்பா? நல்லதுதான்" என்று அவ்வளவு கனிவாகக் கேட்டார்கள்.

போன வருஷம் ஒரு மனை வாங்கினேன். கண் படுமென்று, பத்திரம் பதிந்த பிறகும் யாருக்கும் சொல்ல வேண்டாமென்றார் அம்மா. இந்தத் தடவை தானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பதிவுத்துறை இணையதளத்தில் யார் சொத்துக்கு வேண்டுமானாலும் வில்லங்கம் போட்டுக் காசில்லாமல் பார்க்கலாம். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், கைமாறிய தொகை எல்லாம் அதில் இருக்கும். சர்வே நம்பரைப் பெரியப்பா எப்படிப் பிடித்தார் என்பது அவர் பார்த்த கிராம நிர்வாக அலுவலர் உத்தியோகத்துக்கே வெளிச்சம். அச்சடித்த தாளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார்.

"தெக்குப் பார்த்த மனையை ஏன்டா வாங்குனே?"

அம்மா அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவில்லை. பெரியப்பா காபியைக் குடித்து முடித்து, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அத்தைக்குச் சொல்லிட்டேன். அவகிட்டதான் மொதல்ல சொல்லணும்னு நீ ஒத்தக்கால்ல நின்னதாச் சொல்லி வச்சிருக்கேன். மாத்திப் பேசித் தொலைச்சிராதே."